ஊரணியும் நாட்டுப் போட்டியும்: அயர்லாந்து ஹர்லிங் வாகையர் போட்டியின் முதற்பருவம் (1887)

முன்னுரை

ஒரு நாட்டு மக்கள் தலைமுறை தலைமுறையாக ஆடிவந்த ஆட்டம் ஒன்று, எழுதப்பட்ட விதிகளுக்குள் கொண்டுவரப்பட்டு, நாடு தழுவிய போட்டியாக மாறும்பொழுது அதன் இயல்பு மாறுகிறது. ஆடுவோர் யார், அவர்கள் எந்த ஊரின் சார்பில் ஆடுகின்றனர், வெற்றியை எவ்வாறு கணக்கிடுவது, செலவை யார் ஏற்பது என்னும் வினாக்கள் அதுவரை அந்தந்த ஊரின் வழக்கப்படி தீர்க்கப்பட்டவை. நாட்டுப் போட்டி என்று வந்தவுடன் அவற்றுக்குப் பொதுவான விடை தேவைப்படுகிறது. அவ்விடை எவ்வாறு உருவாகிறது என்பதை அறிய உதவும் சான்றுகளுள் ஒன்று அயர்லாந்தின் ஹர்லிங் ஆட்டத்திற்கு 1887ஆம் ஆண்டில் நடைபெற்ற முதல் வாகையர் போட்டியாகும்.

இப்போட்டியை ஒரு தேசிய மரபின் பெருமைமிகு தொடக்கமாகக் கூறுவது வழக்கம். ஆயின் அப்பருவத்தை நெருங்கி நோக்குவார்க்கு வேறொரு காட்சி தென்படுகிறது. ஹர்லிங் களத்தில் இறங்கிய கவுண்டிகள் ஐந்தே. 1887க்குரிய இறுதி ஆட்டம் 1888இல்தான் நிகழ்ந்தது. வென்ற அணியின் தலைவர் அந்த இறுதி ஆட்டத்திற்கு வரவில்லை. அடுத்த ஆண்டுப் போட்டி முடிவுறாமலேயே நின்றது. இத்துணைக் குறைகளோடு நடந்த பருவம் எதனை நிலைநாட்டியது என்பதே இக்கட்டுரை ஆராயும் பொருளாகும்.

ஆட்டமும் அதன் பழமையும்

ஹர்லிங் என்பது ஆஷ் மரத்தால் செய்யப்பட்ட, நுனியில் வளைந்து அகன்ற மட்டையைக் கொண்டு சிறு பந்தினை அடித்தும் ஏந்தியும் ஆடும் குழு ஆட்டம். மட்டையை ஐரிஷ் மொழியில் காமான் என்றும் பந்தை ஸ்லிட்டர் என்றும் அழைப்பர். பந்து தரையில் மட்டுமன்றி வானிலும் அடிக்கப்படுவதும், மட்டையின் மீது பந்தைத் தாங்கியவாறே ஓடுவதும் இதன் தனித்தன்மைகள்.

ஐரிஷ் இலக்கிய மரபில் இவ்வாட்டம் வீரயுகத்தோடு இணைத்துப் பேசப்படுகிறது. ஆநிரை கவர்தலைப் பொருளாகக் கொண்டு, டாயின் எனச் சுருக்கமாக வழங்கும் பழங்காவியத்தின் தலைவன் கூ ஹுலின். அவன் சிறுவனாக இருந்தபோது மட்டையும் பந்தும் கொண்டு ஆடிய ஆற்றலும், தன்மீது பாய்ந்த காவல்நாயைக் கொன்று அதன் காரணமாகவே அப்பெயரைப் பெற்ற செய்தியும் அக்கதையின் இளமைப் பருவப் பகுதியில் இடம்பெறுகின்றன. காவியச் செய்தியை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளல் இயலாது எனினும், மட்டையும் பந்தும் வீரனின் அடையாளங்களாகக் கருதப்பட்டமையை அது காட்டுகிறது.

சட்ட ஆவணங்கள் மற்றொரு வகைச் சான்றினைத் தருகின்றன. 1366இல் இயற்றப்பட்ட கில்கென்னிச் சட்டங்கள், அயர்லாந்தில் குடியேறிய ஆங்கிலேயர், மட்டைகொண்டு பந்தடிக்கும் ஆட்டங்களை விடுத்து வில்லும் வேலும் பயிலவேண்டும் என விதித்தன. 1527இல் கால்வே நகரச் சட்டமும் இத்தகைய தடையை விதித்தது. ஆள்வோர் தடைசெய்யும் அளவிற்குக் குடியேறியோரையும் இவ்வகை ஆட்டங்கள் ஈர்த்திருந்தன என்பது இத்தடைகளால் பெறப்படும். இவ்விரு சட்ட ஆவணங்களும் ஆட்டத்தைப் போற்றியவை அல்ல, விலக்கியவை என்பது கருதத்தக்கது.

இருவகை ஆட்டமும் அதன் தேய்வும்

ஹர்லிங் தொன்றுதொட்டு ஒரே வடிவில் ஆடப்பட்டது என்னும் கருத்து பொருந்துவதன்று. அயர்லாந்தின் வடபகுதியில் குளிர்காலத்தில், ஒடுங்கிய மட்டை கொண்டு, பந்தைக் கையால் தொடாது தரையிலேயே அடித்தாடும் வகை ஒன்று இருந்தது. தென்பகுதியில் கோடைக்காலத்தில், அகன்ற மட்டை கொண்டு, பந்தைக் கையாண்டும் மட்டையில் ஏந்தியும் ஆடும் வகை மற்றொன்று. இவ்விரு வகைகளின் நிலவியல் பரவலை வரலாற்று நிலவியலறிஞர் கெவின் வீலன் விளக்கியுள்ளார்.

பதினெட்டாம் நூற்றாண்டில் தென்பகுதி ஆட்டத்தை நிலக்கிழார்கள் புரந்தனர். தம் குத்தகையாளர்களைக் கொண்டு அணிகள் அமைத்து, பந்தயம் கட்டி ஆடச்செய்தனர். 1798ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்கும், அதனையடுத்து 1801இல் நடைமுறைக்கு வந்த பிரித்தானிய ஒன்றிணைப்புக்கும் பின்னர் இப்புரவலர் மரபு தளர்ந்தது. 1845இல் தொடங்கிய பெரும்பஞ்சம் சிற்றூர்களைச் சிதைத்தது. பட்டினியாலும் நோயாலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். அதே அளவினர் கடல்கடந்து சென்றனர். ஆடுவோரும் காண்போரும் குறைந்த ஊர்களில் ஆட்டமும் குறைந்தது. நூற்றாண்டின் பிற்பகுதியில் கால்வே போன்ற சில வட்டாரங்களில் மட்டும் அது உயிர்ப்புடன் நின்றது. அங்கும் 1869இல் கிலிமோர் என்னும் ஊரார் தமக்கென விதிகளை எழுதி வைத்துக்கொண்டனர். டப்ளின் டிரினிட்டி கல்லூரி மாணவரோ தம் ஆட்டத்துக்கு வேறு விதிகளை வகுத்திருந்தனர்.

இவ்வேறுபாடு எத்துணை ஆழமானது என்பதை 1884ஆம் ஆண்டு ஈஸ்டர் திங்களன்று பாலினாஸ்லோ ஊரில் நடந்த ஆட்டம் வெளிப்படுத்தியது. டப்ளினில் மைக்கேல் க்யூசாக் உருவாக்கிய மெட்ரோபாலிட்டன் அணியும் கிலிமோர் அணியும் அங்கு மோதின. ஒரே பெயரால் அழைக்கப்பட்ட ஆட்டத்தை இரு அணிகளும் இருவேறு முறைகளில் ஆடின. எது முறை, எது பிழை என்பதில் உடன்பாடு இல்லாமையால் ஆட்டம் இடையிடையே தடைப்பட்டது. ஆட்டத்தைக் காக்க வேண்டுமாயின் முதலில் அதற்குப் பொதுவிதி வேண்டும் என்னும் தெளிவு இத்தகைய பட்டறிவிலிருந்தே பிறந்தது எனலாம்.

கழகத்தின் தோற்றம்

கிளேர் கவுண்டியின் கேரன் என்னும் ஊரில் 1847இல், பஞ்சத்தின் கொடிய ஆண்டில் பிறந்தவர் மைக்கேல் க்யூசாக். ஆசிரியப் பணி புரிந்த அவர், அயர்லாந்தின் விளையாட்டுகள் ஆங்கிலேய அமைப்புகளின் விதிகளுக்கும் அவற்றின் வகுப்பு வேற்றுமைக்கும் உட்பட்டிருப்பதை எதிர்த்து 1884 அக்டோபரில் கட்டுரை வெளியிட்டார். திப்பரேரியைச் சேர்ந்த புகழ்மிக்க தடகள வீரர் மாரிஸ் டேவின் அதனை வழிமொழிந்தார். 1884 நவம்பர் 1 அன்று தர்லஸ் நகரில் ஹேய்ஸ் என்பாரின் விடுதியில் கூடிய கூட்டத்தில் கேலிக் விளையாட்டுக் கழகம் தோன்றியது. டேவின் தலைவரானார், க்யூசாக் செயலர்களுள் ஒருவரானார். கேஷல் பேராயர் தாமஸ் குரோக், தன்னாட்சி இயக்கத் தலைவர் பார்னெல், நிலக் கழகத்தின் மைக்கேல் டேவிட் ஆகிய மூவரும் புரவலர்களாக இசைந்தனர்.

இம்மூவரின் பெயர்களும் ஒருங்கு நிற்பது கருதத்தக்கது. திருச்சபை, நாடாளுமன்ற அரசியல், உழவர் இயக்கம் என்னும் மூன்று ஆற்றல்களும் கழகத்தைத் தமதாகக் கண்டன. நான்காவதாக, ஆயுதப் புரட்சியை நோக்கமாகக் கொண்ட அயர்லாந்துக் குடியரசுச் சகோதரர் அமைப்பும் மறைவாக உள்ளே இருந்தது. கழகத்தைத் தொடங்கியோராகப் பெயரறியப்பட்ட எழுவருள் இவ்வமைப்பினரும் இருந்தனர். ஆட்சியாளரின் காவற்படையில் மாவட்ட ஆய்வாளராகப் பணியாற்றிய தாமஸ் செயின்ட் ஜார்ஜ் மெக்கார்த்தியும் இருந்தார். முதற்பருவத்தின் பூசல்கள் அனைத்துக்கும் வித்து இக்கூட்டமைப்பிலேயே கிடந்தது.

விதி வகுத்தலும் அதன் விளைவும்

டேவின் வகுத்த விதிகளைக் கழகம் 1885 ஜனவரியில் ஏற்றுக்கொண்டது. அவை தென்பகுதிக் கோடைக்கால ஆட்டத்தை அடிப்படையாகக் கொண்டவை. வடபகுதியின் தரையாட்டம் பொதுவிதிக்குள் இடம்பெறவில்லை. ஆகவே, அழியும் நிலையிலிருந்த மரபைக் காத்த அச்செயலே அம்மரபின் ஒரு கிளையைப் புறத்தே நிறுத்தியது. காத்தலும் கழித்தலும் ஒரே செயலின் இரு கூறுகளாக அமைந்தன.

முதற்பருவத்தில் அணிக்கு 21 பேர் ஆடினர். கோல் கம்பங்களுக்கு இருபுறமும் சற்று விலகி வேறு இரு கம்பங்கள் நடப்பட்டன. நடுவில் பந்து புகுந்தால் கோல். புறக்கம்பங்களுக்கிடையே சென்றால் புள்ளி. எத்தனை புள்ளிகள் பெற்றாலும் அவை ஒரு கோலுக்கு ஈடாகா. கோல்கள் சமமாயின் மட்டுமே புள்ளிகள் கணக்கில் கொள்ளப்பட்டன. 1892இல் ஒரு கோல் ஐந்து புள்ளிகளுக்குச் சமம் என்றும், 1896இல் மூன்று புள்ளிகளுக்குச் சமம் என்றும் இது மாற்றப்பட்டது. ஆட்டக்காரர் எண்ணிக்கை 1892இல் 17 ஆகவும் 1913இல் 15 ஆகவும் குறைக்கப்பட்டது. எனவே 1887இல் ஆடப்பட்ட ஆட்டம் இன்றைய ஹர்லிங்கின் முழுவடிவம் அன்று. ஊராட்டத்திற்கும் இன்றைய ஆட்டத்திற்கும் இடைப்பட்ட நிலை அது.

பங்கும் கவுண்டியும்

1886 நவம்பரில் கழகத்தின் பொதுக்கூட்டம் அயர்லாந்து முழுமைக்குமான வாகையர் போட்டிகளை நடத்த முடிவு செய்தது. அதன்படி ஒவ்வொரு கவுண்டியிலும் உள்ளூர் அணிகள் தமக்குள் மோதவேண்டும். வென்ற ஊரணியே தன் கவுண்டியின் சார்பில் நாட்டுப் போட்டியில் ஆடவேண்டும். இன்று ஒரு கவுண்டியின் பல ஊர்களிலிருந்தும் வீரர்கள் தெரிவு செய்யப்படுகின்றனர். முதற்பருவத்திலோ திப்பரேரி என்பது தர்லஸ் ஊரணி. கால்வே என்பது மீலிக் ஊரணி.

இவ்வமைப்பின் இரு அடுக்குகளும் வெவ்வேறு வரலாறு உடையவை. ஊரணி பெரும்பாலும் கத்தோலிக்கத் திருச்சபையின் பங்கு என்னும் எல்லையைத் தழுவியது. ஞாயிறு வழிபாட்டிற்கு ஒன்றுகூடுவோரே ஞாயிறு மாலை ஆட்டத்திற்கும் ஒன்றுகூடினர். எனவே பங்கு என்பது மக்கள் உள்ளத்தில் முன்னரே உயிருள்ள ஓர் அலகு. கவுண்டியோ ஆங்கில ஆட்சி தன் நிருவாகத்திற்காக வரைந்த எல்லை. நார்மானியர் காலம் முதல் படிப்படியாக வகுக்கப்பட்ட கவுண்டிகளுள் இறுதியானதாகிய விக்லோ 1606இல் உருவானது. வரி தண்டவும் நீதிமன்றம் கூட்டவும் காவலரை நிறுத்தவும் பயன்பட்ட அலகு அது.

அவ்வயலலகின் பெயரைத் தாங்கி ஊரார் களத்தில் இறங்கியபோது கவுண்டியின் பொருள் மாறத்தொடங்கியது. ஆள்வோர் வரைந்த கோடு ஆளப்படுவோரின் பற்றுக்குரிய எல்லையாயிற்று. பிற்காலத்தில் அயர்லாந்து மக்கள் தம்மை எந்தக் கவுண்டியினர் எனக் கூறிக்கொள்வதில் காட்டும் ஆழ்ந்த உணர்வுக்கு வாகையர் போட்டி தந்த பங்கு பெரிது. 1887ஆம் ஆண்டுப் பருவத்தின் முதன்மையான பயன் இதுவே என்பது இக்கட்டுரையின் துணிபு. ஆயின் அப்பயன் உடனே கைகூடவில்லை.

1887ஆம் ஆண்டின் சூழல்

குத்தகை மிகுதியை எதிர்த்து 1886இல் உழவர் தொடங்கிய போராட்டத் திட்டம் 1887இல் உச்சநிலையில் இருந்தது. அவ்வாண்டின் கோடையில் கடுமையான அடக்குமுறைச் சட்டம் நிறைவேறியது. செப்டம்பர் 9 அன்று மிச்சல்ஸ்டவுன் நகரில் காவலர் சுட்டதில் மூவர் உயிரிழந்தனர். கழகத்தின் கூட்டங்களை ஆட்சியாளரின் உளவர்கள் கண்காணித்தனர். அதே ஆண்டில் அரச அயர்லாந்துக் காவற்படையினர் கழகத்தில் சேர்வதற்குத் தடை விதிக்கப்பட்டது. இதனால் தொடக்கக் கூட்டத்தில் காவல் அதிகாரி ஒருவரைக் கொண்டிருந்த கழகம் மூன்றாண்டுகளுக்குள் அவர்தம் படையையே விலக்கியது. இத்தடை 2001இல்தான் நீக்கப்பட்டது.

உட்பூசலும் வளர்ந்தது. க்யூசாக் 1886ஆம் ஆண்டின் நடுவிலேயே செயலர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். கணக்கு வைப்பதில் ஒழுங்கின்மையும் எவரையும் சாடும் எழுத்தும் அதற்குக் காரணங்களாயின. 1887 ஜனவரியில் அவர் ‘தி கெல்டிக் டைம்ஸ்’ என்னும் வார இதழைத் தொடங்கி, ஆட்டச் செய்திகளோடு நிருவாகத்தின் மீதான கண்டனங்களையும் வெளியிட்டார். ஏறத்தாழ ஓராண்டே வாழ்ந்த அவ்விதழின் காலமும் முதற்பருவத்தின் காலமும் பெரிதும் ஒன்றே. டேவினும் 1887இல் பதவி விலகினார்.

நவம்பரில் தர்லஸ் நகரில் கூடிய பொதுக்கூட்டத்தில் முரண் வெடித்தது. சகோதரர் அமைப்பின் ஆதரவாளர் பெரும்பான்மை பெற்று எட்வர்ட் பென்னட் என்பவரைத் தலைவராக்கினர். அருட்தந்தை ஸ்கான்லன் தலைமையில் குருமாரும் அவர்தம் ஆதரவாளரும் வெளியேறினர். பேராயர் குரோக் தம் தொடர்பை விலக்கிக்கொள்வதாக அறிவித்தார். பின்னர் அவரும் டேவிட்டும் முயன்றதன் பயனாக இணக்கம் ஏற்பட்டு, 1888 ஜனவரியில் மீண்டும் கூடிய கூட்டத்தில் டேவின் தலைவரானார். கவுண்டிதோறும் குழு அமைக்கும் முறையும் வலுப்பெற்றது. வாகையர் போட்டியின் இறுதி ஆட்டம் 1887க்குள் நடவாமைக்கு இப்பிளவைக் கருதாது விளக்கம் காண்டல் அரிது.

களத்தில் ஐந்து கவுண்டிகள்

இத்தகைய சூழலில் ஹர்லிங்கிற்காகக் களத்தில் இறங்கியவை கிளேர், கால்வே, கில்கென்னி, திப்பரேரி, வெக்ஸ்ஃபோர்ட் ஆகிய ஐந்து கவுண்டிகளே. வடபகுதியான அல்ஸ்டரிலிருந்து ஓர் அணியும் இல்லை. மாகாண அளவிலான போட்டிகள் அடுத்த ஆண்டில்தான் புகுத்தப்பட்டன. முதற்பருவத்தில் நாடு முழுவதற்கும் ஒரே குலுக்கல் முறை பின்பற்றப்பட்டது.

வெக்ஸ்ஃபோர்டின் சார்பில் ஆடிய காசில்பிரிட்ஜ் அணியை மீலிக் அணி டப்ளினில் வென்றது. தர்லஸ் அணி கிளேர் அணியை நீனா நகரில் வென்று, பின்னர் கில்கென்னியின் துல்லரோன் அணியை அர்லிங்ஃபோர்டில் வென்றது. இவ்வூர்களை நிலப்படத்தில் காண்பார்க்கு ஒன்று விளங்கும். பெரும்பாலான அணிகள் நாட்டின் நடுவிலும் தெற்கிலும் உள்ள வேளாண் நிலப்பகுதியைச் சேர்ந்தவை. தென்பகுதிக் கோடைக்கால ஆட்டம் பண்டு செழித்திருந்த நிலப்பரப்பும் அதுவே. ‘அயர்லாந்து முழுமைக்கும்’ என்னும் பெயரில் நடந்த போட்டி, நடைமுறையில் பழைய வட்டார மரபின் எல்லையைப் பெரிதும் தாண்டவில்லை. பெயர் முன்னே சென்றது; நாடு பின்னே வந்தது.

இறுதி ஆட்டம்

1888 ஏப்ரல் 1, ஈஸ்டர் ஞாயிறு. இறுதி ஆட்டம் பர் நகரில் நடைபெற்றது. திப்பரேரிக்கும் கால்வேக்கும் அண்மையில் இருந்தமையால் அந்நகர் இரு அணிக்கும் பொருத்தமானது. ஆட்சியாளரின் ஆவணங்களில் அந்நகரின் பெயர் பார்சன்ஸ்டவுன். அதனை ஆண்ட பார்சன்ஸ் குடும்பத்தின் பெயரால் அமைந்தது. அந்நகர் அமைந்த கவுண்டியின் பெயர் கிங்ஸ் கவுண்டி, அதாவது அரசன் கவுண்டி. 1556இல் குடியேற்றத்தின்போது இடப்பட்டது. நகரை அடுத்துப் பிரித்தானியப் படையின் பாசறையும் இருந்தது. விடுதலைக்குப் பின் அக்கவுண்டி ஒஃபலி என்னும் பழம்பெயரைப் பெற்றது. அரசன் பெயர் தாங்கிய கவுண்டியில், நிலக்கிழார் பெயர் தாங்கிய நகரில், படைப்பாசறையின் அருகே, தடைசெய்யப்பட்டதொரு பழைய ஆட்டத்தின் நாட்டுப் போட்டி நிறைவுற்றது.

ஆட்டத்திற்கு முன்னரே திப்பரேரி அணி உடைந்தது. பயணச் செலவு குறித்து எழுந்த பூசலால் அதுவரை அணியை நடத்திவந்த டெனிஸ் மாஹரும் வேறு சில வீரர்களும் பர் நகருக்கு வரவில்லை. ஜிம் ஸ்டேப்பிள்டன் தலைமையேற்றார். புகழ்ச்சி வரலாறுகள் இப்பூசலைச் சிறு நிகழ்வாகக் கருதிக் கடந்துவிடுகின்றன. உண்மையில் இது புதிய அமைப்பின் அடிப்படைச் சிக்கலைக் காட்டுகிறது. அண்டை ஊரோடு ஆடும்போது வீரன் நடந்தே சென்றான். செலவென்று ஒன்று இல்லை. நாட்டுப் போட்டிக்குத் தொடர்வண்டி ஏறவேண்டும். ஊர் ஆட்டக்காரன் கவுண்டியின் சார்பில் செல்கிறான் என்றால் அவன் கட்டணத்தைத் தருவது ஊரா, கவுண்டியா, கழகமா? இவ்வினாவுக்கு 1888 ஏப்ரலில் எவரிடமும் உறுதியான விடை இல்லை. கவுண்டியின் பெயர் இருந்தது. கவுண்டியின் பணப்பை இன்னும் உருவாகவில்லை.

இடைவேளைக்குப் பின்னரும் ஆட்டத்தின் போக்கை ஒரு கோலே தீர்மானித்தது. அதனை அடித்தவர் டாமி ஹீலி. அயர்லாந்து வாகையர் போட்டியின் இறுதி ஆட்டத்தில் அடிக்கப்பட்ட முதல் கோல் அதுவே. திப்பரேரி ஒரு கோலும் ஒரு புள்ளியும் பெற்றது. கால்வே ஒன்றும் பெறவில்லை. அக்கால விதிப்படி ஒரு கோல் எத்தனை புள்ளிகளையும் விஞ்சும் என்பதால், ஹீலியின் அடிக்குப் பின் கால்வேக்குப் புள்ளிகள் பயன்பட்டிரா; கோல் ஒன்றே வழியாக இருந்தது. வென்றோர்க்கு வழங்கக் கோப்பை எதுவும் அந்நாளில் இல்லை. இன்று வழங்கப்படும் லியம் மெக்கார்த்தி கோப்பை 1921ஆம் ஆண்டுப் போட்டிக்காக 1923இல்தான் முதன்முதலாக அளிக்கப்பட்டது.

நிறைவுறாத இரண்டாம் பருவம்

முதற்பருவத்தின் தன்மையை அடுத்த ஆண்டு நிகழ்வு மேலும் தெளிவாக்குகிறது. அயர்லாந்தின் பழந்தொன்மத்தில் லூ என்னும் தெய்வம் தன் வளர்ப்புத்தாய் டெய்ல்டியுவின் நினைவாக நிறுவியதாகக் கூறப்படும் விழாவை மீட்டெடுக்கக் கழகம் விரும்பியது. அதற்குப் பொருள் திரட்டும் நோக்கில் 1888 செப்டம்பரில் ஏறத்தாழ ஐம்பது வீரர்கள் அமெரிக்கா சென்றனர். அமெரிக்கத் தடகள அமைப்புகளிடையே நிலவிய பூசல், மோசமான வானிலை, தேர்தல் காலம் ஆகியவற்றால் பயணம் இழப்பில் முடிந்தது. வீரர்கள் நாடு திரும்ப டேவிட் பணம் தந்து உதவவேண்டியதாயிற்று. சென்றோருள் பலர் அமெரிக்காவிலேயே தங்கினர்.

முதன்மையான வீரர்கள் கடல்கடந்தமையால் 1888ஆம் ஆண்டு ஹர்லிங் போட்டி முடிக்கப்படவில்லை. அவ்வாண்டுக்கு வாகையர் இல்லை. பழந்தொன்மத்தின் பெருவிழாவை உயிர்ப்பிக்கச் சென்ற முயற்சி, பிறந்து ஓராண்டே ஆன போட்டியை நிறுத்திவிட்டது. பஞ்சத்திற்குப் பின் சிற்றூர் இளைஞரைக் கப்பலேற்றிய அதே வறுமை, ஆட்டக்காரரையும் மறுகரையில் நிறுத்திக்கொண்டது என்பதும் இதனுள் பொதிந்த செய்தி. அவ்விழா 1924இல், தனிநாட்டு அரசு அமைந்த பின்னரே டப்ளினில் நடைபெற்றது. வாகையர் போட்டியோ 1889இல் மீண்டது. அவ்வாண்டு டப்ளின் சார்பில் ஆடிய கிக்ஹம்ஸ் அணி, கிளேர் சார்பில் ஆடிய துல்லா அணியை வென்றது. பெருவிழா 36 ஆண்டுகள் காத்திருக்க, ஊரணிகளின் போட்டி ஓராண்டில் எழுந்தது. தொன்மத்தை நம்பிய அமைப்பினும், ஞாயிறுதோறும் கூடும் பங்கினரை நம்பிய அமைப்பு உறுதியானது என்பதற்கு இது சான்று.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வருவன பெறப்படும்.

முதலாவதாக, 1887ஆம் ஆண்டுப் போட்டி தொன்றுதொட்டு வந்த ஒரே மரபின் தொடர்ச்சி அன்று. பல வட்டார வழக்குகளுள் ஒன்றைத் தெரிந்து பொதுவிதியாக்கியதன் விளைவு அது. அத்தெரிவு ஆட்டத்தைக் காத்தது. அதேபோது வடபகுதி வழக்கைப் புறக்கணித்தது.

இரண்டாவதாக, அப்பருவத்தின் காலத்தாழ்வும் உட்பூசலும் தற்செயலானவை அல்ல. திருச்சபை, அரசியல் கட்சி, உழவர் இயக்கம், புரட்சி அமைப்பு ஆகியவை ஒரே கழகத்தைத் தமதாக்க முயன்றதன் வெளிப்பாடுகள் அவை.

மூன்றாவதாக, பங்கு என்னும் உயிருள்ள அலகையும் கவுண்டி என்னும் ஆட்சி அலகையும் ஒரே அணியில் இணைத்தமையே முதற்பருவத்தின் நிலைத்த பயன். தர்லஸ் ஊரார் திப்பரேரியாகவும் மீலிக் ஊரார் கால்வேயாகவும் பர் நகரில் நின்றபோது, ஆள்வோரின் எல்லைக்கோட்டுக்கு ஆடுவோர் புதுப்பொருள் தந்தனர்.

2018இல் யுனெஸ்கோ நிறுவனம் ஹர்லிங்கை மனிதகுலத்தின் புலனாகாப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. அத்தகைய ஏற்பு கிட்டும்போது, பழமை ஒன்றே ஆட்டத்தை இதுவரை கொண்டுவந்தது எனக் கருதும் மயக்கம் எளிதில் தோன்றும். முதற்பருவத்தின் சான்றுகள் அதனை மறுக்கின்றன. அரைகுறை விதிகளோடும், தொடர்வண்டிக் கட்டணம் பற்றிய பூசலோடும், தலைவன் வாராத அணியோடும் ஆடி முடித்த ஊராரின் விடாப்பிடியே அதனை நிலைக்கச் செய்தது. நாட்டார் ஆட்டங்களின் வரலாற்றை எழுதுவோர், அவற்றின் தொன்மையைத் தேடும் அளவிற்கு அவை விதிக்குள்ளான காலத்தின் கணக்கேடுகளையும் பூசல்களையும் தேடவேண்டியதன் தேவையை இப்பருவம் உணர்த்துகிறது.